புதுசுதான்டா பழசு

கணினியைப் பழைய நிலைக்குத் திருப்பினால், அதற்குப் பிறகு வீட்டில் நடந்ததெல்லாம் நடக்காததாகிவிடும் என்று நான் நம்பினேன். வெள்ளிக்கிழமை காலைக்குத் திரும்பினால், வெள்ளிக்கிழமை மதியம் வைத்த வத்தக்குழம்பு கூடப் பாத்திரத்திலிருந்து காணாமல் போய்விடும் என்கிற அளவுக்கு. சாதாரண நாளில் யாராவது கேட்டிருந்தால், "எனக்கென்ன பைத்தியமா?" என்று சிரித்திருப்பேன். ஆனால் அந்தச் சனிக்கிழமை மதியம், மயிலாப்பூரில், எங்கள் ஹாலில், எண்டர் விசையின் மேல் விரலை வைத்துக்கொண்டு தட்டப் பயந்து உட்கார்ந்திருந்த ஆள் இதைத்தான் நம்பினான். அந்த ஆளுக்கும் எனக்கும் சட்டை அளவு ஒன்று.

ஐம்பதை நெருங்கும் ஆண்களுக்கு ஏதாவது ஒரு கிறுக்கு பிடிக்கும். எங்கள் அடுக்குமாடியில் ஒருவர் மொட்டைமாடியில் கத்தரிக்காய் வளர்த்து, அது நெல்லிக்காய் அளவுக்கு வந்ததும் லிஃப்டில் எல்லோருக்கும் காட்டுகிறார். இன்னொருவர் அடையாறு பாலத்தில் ஓடிவிட்டு முழங்காலுக்குப் பட்டை கட்டிக்கொண்டு வருகிறார். எனக்குப் பிடித்தது ஆப்பரேட்டிங் சிஸ்டம். ஊர் உலகம் பயன்படுத்துவது எனக்கு வேண்டாம். யூனிக்ஸ் குடும்பத்தில் தூரத்துச் சொந்தமான ஒன்று, இலவசமாகக் கிடைப்பது, பெயரைச் சொன்னால் எதிரில் இருப்பவர் பேச்சை மாற்றிவிடுவார், அப்படி ஒன்று வேண்டும். அதையும் ரெடிமேடாக இறக்கிக்கொள்ள மாட்டேன். அதன் மூலநிரலை, அதாவது மனிதன் எழுதிய வரிகளை, அப்படியே கொண்டுவந்து என் கணினியிலேயே கம்பைல் செய்து, இயந்திரத்துக்குப் புரியும்படி அரைத்து எடுத்துத்தான் போடுவேன்.

எங்கள் தெருவில் இட்லி மாவு பாக்கெட் விற்காத கடை என்றால் அது மருந்துக்கடை மட்டும்தான். அப்படியிருக்க, ஒருத்தன் வீட்டில் அரிசி ஊறவைத்துக் கிரைண்டரைப் போட்டு, அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தால் எப்படியோ, அப்படித்தான் நான். அரைத்து முடித்ததும் வருவது கடை மாவேதான். ஆனால் நான் அரைத்தது.

இந்தக் கிறுக்கை எனக்கு ஒட்டவைத்தவன் என் கல்லூரி நண்பன். நொச்சிக்குப்பத்தில் பிறந்தவன். இப்போது அடையாறில் ஓர் அலுவலகத்தில் சர்வர்களைக் கட்டி மேய்க்கிறான். நான் வைத்திருந்த பதிப்புக்கு ஆதரவு முடிந்துவிட்டது, இனிமேல் ஓட்டை அடைக்க யாரும் வரமாட்டார்கள் என்று அவன்தான் சொன்னான். "மச்சி, கூரை இல்லாத வூட்ல குந்திகினு கீற. சீக்கிரம் மாத்து. ஆனா பூட் என்விரான்மென்ட் போட்டுக்கினு மாத்து. அப்பால என்னாண்ட வந்து அழாத."

பூட் என்விரான்மென்ட் என்பது பெரிய விஷயமில்லை. நாம் குடியிருக்கும் வீட்டைப் போலவே அச்சு அசலாக, பக்கத்திலேயே இன்னொரு வீட்டை ஒரே கட்டளையில் எழுப்பிவிடலாம். ஆணி அடித்த இடம் கூட மாறாது. அந்த இரண்டாவது வீட்டின் சாவியைக் கொத்தனாரிடம் கொடுத்து, அதில் இடித்துக் கட்டச் சொல்லிவிட்டு, நாம் இந்த வீட்டில் நிம்மதியாகக் காபி குடித்துக்கொண்டிருக்கலாம். வேலை முடிந்ததும் அங்கே குடிபோகிறோம். குழாயில் தண்ணீர் வரவில்லையா, சுவர் விரிசலா, மறுபடி இங்கேயே வந்துவிடலாம். கணினியை உயிர்ப்பிக்கும்போது ஒரு பட்டியல் வரும். எந்த வீடு என்று தேர்ந்தெடுத்து எண்டர் தட்டினால் போதும். இவ்வளவு பத்திரமான ஏற்பாட்டில் ஒரு மனிதன் தன் வாழ்க்கையைச் சிக்கலாக்கிக்கொள்ள முடியுமா? நான் இருக்கும்போது ஏன் முடியாது?

வெள்ளிக்கிழமை காலை இரண்டாவது வீட்டை எழுப்பினேன். பெயர் வைக்க வேண்டும். ஏற்கெனவே இருந்ததற்குப் 'பழசு' என்று பெயர் மாற்றினேன். எழுப்பியதற்குப் 'புதுசு' என்று வைத்தேன். பெயர் வைத்த திருப்தியில் கம்பைலைத் தொடங்கினேன்.

எங்கள் வீட்டில் புதுசு என்ற சொல்லுக்கு ஒரு தனி வரலாறு உண்டு. அதை அப்போதே யோசித்திருக்க வேண்டும். எங்கள் கல்யாணத்துக்குத் தி. நகரில் வாங்கிய குக்கருக்கு இன்னும் 'புதுக் குக்கர்' என்றுதான் பெயர். கைப்பிடி இரண்டு முறை மாறிவிட்டது, கேஸ்கட் எத்தனை போனதென்று தெரியாது, விசில் வேறொரு குக்கருடையது. அதற்குப் பிறகு வாங்கிய குக்கருக்குச் 'சின்னக் குக்கர்' என்று பெயர். என் தங்கை வீட்டில் 'புது ரூம்' என்று ஒன்று இருக்கிறது, அதன் கூரை ஒழுகுகிறது. எங்களிடம் புதுசு என்பது வயது கிடையாது, பெயர். ஒரு தடவை வைத்தால் வைத்ததுதான்.

அந்த வெள்ளிக்கிழமை முழுக்கக் கணினியின் விசிறி, நிரம்பிய மாநகரப் பேருந்து கத்திப்பாரா மேம்பாலம் ஏறுவது போல இரைந்தது. அதே கணினியில்தான் என் மனைவி வேலை செய்துகொண்டிருந்தாள். அவள் சப்டைட்டில் எழுதுகிறவள். மற்ற மொழி சீரியல்களுக்குத் தமிழில் திரையடி வசனம். மாமியார் பாத்திரம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஒன்பது கோணத்தில் முறைப்பாள். அந்த ஒரு வார்த்தைக்கு எழுதுகிற வேலை. பல வருடம் அதைச் செய்து, இப்போதுதான் முதல்முறையாக ஒரு மலையாளப் படம் கைக்கு வந்திருந்தது. சனிக்கிழமை மாலை வடபழனியில் இருக்கும் ஸ்டுடியோவில் பென்டிரைவில் கொடுத்தாக வேண்டும். படம் கசிந்துவிடும் என்கிற பயத்தில் இணையத்தில் எங்கேயும் ஏற்றக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். இது ஒழுங்காகப் போனால் அடுத்த படமும் அவளுக்கு. தாமதமானால் வாசலில் இன்னொருத்தி நிற்கிறாள். ஆக, அவள் உழைப்பு முழுவதும் அந்த ஒரே கணினியில், ஒரே கோப்பாக இருந்தது.

"ஏங்க, ஒரு எழுத்து தட்டினா மூணு நிமிஷம் கழிச்சு வருது. என்ன பண்றீங்க இதுல?"

"பின்னாடி ஒரு சின்ன வேலை ஓடுது."

"பின்னாடி ஓடுற வேலைக்கு முன்னாடி இருக்கிற நான் ஏன் கஷ்டப்படணும்?" அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "கேட்டுக்கோங்க. நாளைக்குச் சாயங்காலம் நான் வடபழனி போயிட்டு வர்ற வரைக்கும் இதைத் தொடக்கூடாது."

"தொடவே மாட்டேன்."

"தலைய ஆட்டாதீங்க. நீங்க தலைய ஆட்டினா செய்யப் போறீங்கன்னு அர்த்தம்."

கடைசி ரீலில் கதாநாயகன் மலையிலிருந்து விழுகிறான். விழும்போது மலையாளத்தில் என்னமோ அலறுகிறான். அதற்கு 'ஐயோ' போடுவதா, 'ஐயய்யோ' போடுவதா என்று என்னிடம் கேட்டாள். கம்பைல் வரிகள் ஓடுவதைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்த நான், "எதுவா இருந்தா என்ன? எப்படியும் விழத்தான் போறான்" என்றேன்.

"ஐயோன்னா விழுந்துட்டவன். ஐயய்யோன்னா இன்னும் விழுந்துகிட்டே இருக்கிறவன். உங்களுக்கு எங்க புரியப் போகுது." 'ஐயய்யோ' என்று தட்டி, ஒரு ஆச்சரியக்குறி போட்டு, கோப்பைச் சேமித்துவிட்டு எழுந்தாள். இந்த வித்தியாசம் எனக்கு மறுநாளே புரிந்தது.

சனிக்கிழமை காலை அவள் திருவான்மியூரில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள். மதியம் வந்து கோப்பைப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு வடபழனி போவதாக ஏற்பாடு. கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. எனக்கு ராகுகாலத்தில் நம்பிக்கை கிடையாது. அது முடிகிற வரை ஏதோ காரணமாகப் பேப்பர் படித்தேன். பிறகு கணினியின் முன்னால் உட்கார்ந்தேன்.

ஏன் உட்கார்ந்தேன்? மாலை வரை பொறுத்திருந்தால் என்ன? அரைத்த மாவு காத்திருக்கிறதே என்று கை துறுதுறுத்தது, அவ்வளவுதான். அதோடு, பத்திரம் என்று ஒரு சொல் காதில் விழுந்தால் சிலருக்கு அடக்கம் வரும், எனக்குத் திமிர் வரும். ஹெல்மெட் வாங்கிய அன்றே வேகமாக வண்டி ஓட்டியவன் நான்.

அரைத்ததை நிறுவும் கட்டளையைத் தட்டினேன். வரிகள் ஓடின. ஒரு பிழை இல்லை. காலை ஆட்டிக்கொண்டே, பட்டியலைக்கூடப் பார்க்காமல் மறுதொடக்கம் செய்தேன்.

திரையில் வெள்ளை எழுத்துகள் மேலேறின. நின்றன. கடைசியில் ஒரு சொல்: பேனிக். இந்த வகைக் கணினியின் நடுமூளைக்கு ஏதாவது ஒவ்வாமல் போனால், வெட்கமில்லாமல் 'பீதி' என்று எழுதிக் காட்டிவிட்டுப் படுத்துவிடும். எனக்கு அந்த நேர்மை கிடையாது. நான் எழுந்து சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து, என்னமோ பக்கத்து வீட்டுக் கணினி போல எட்டிப் பார்த்தேன். அதே சொல்.

பரவாயில்லை, புதுசில் விரிசல், பழசுக்குப் போய்விடலாம். இதற்காகத்தானே இந்த ஏற்பாடு? மறுபடி உயிர்ப்பித்து, பட்டியலை நிறுத்தி, 'பழசு' என்பதைத் தேர்ந்தெடுத்து எண்டர் தட்டினேன். வெள்ளை எழுத்துகள். பேனிக்.

புதுசும் போயிற்று. பழசும் போயிற்று. அவளுடைய படம் போயிற்று. திருவான்மியூரிலிருந்து ஒரு பேருந்து என்னை நோக்கிப் புறப்பட்டிருக்கும்.

கைபேசியில் தேடினேன். இந்தச் சிஸ்டத்துக்காரர்கள் கூடும் இணைய மன்றம் ஒன்று உண்டு. அங்கே என்னைப் போலவே அலறியிருந்த ஒருவருக்கு மூன்று பேர் பதில் எழுதியிருந்தார்கள். முதல் ஆள், கையேட்டைப் படித்தாயா என்று கேட்டிருந்தார். இரண்டாவது ஆள், முழுக்கப் படித்தாயா என்று கேட்டிருந்தார். மூன்றாவது ஆள் முதல் இருவரையும் பாராட்டியிருந்தார். கைபேசியை மூடிவிட்டு நண்பனை அழைத்தேன்.

அவன் எடுத்ததும் முதலில் கேட்டது தவில். வடபழனியில் ஒரு மண்டபத்தில் அவன் சித்தி மகன் கல்யாணம். முகூர்த்த நேரம். நாகஸ்வரக்காரர் கைபேசிக்குள்ளேயே உட்கார்ந்து ஊதினார்.

"இன்னா மச்சி? கொஞ்சம் கத்திப் பேசு!"

"ரெண்டும் போச்சுடா! பழசும் போச்சு, புதுசும் போச்சு!"

"இன்னா போச்சு? செருப்பா?"

"பூட் என்விரான்மென்ட்டுடா!"

"ஓ, அதுவா." சத்தம் குறைந்தது. தூணுக்குப் பின்னால் ஒதுங்கியிருப்பான். "இன்னா பண்ண நீ, மொதல்லருந்து சொல்லு. புதுச கிரியேட் பண்ணியா?"

"பண்ணேன்."

"அப்பால மவுண்ட் பண்ணியா?"

தவில் மறுபடி எகிறியது. "மவுண்ட் ரோடா? அங்க எதுக்கு?"

"டேய்! மவுண்ட் ரோடு இல்லடா, மவுண்ட்! புதுச தொறந்து, அதுக்குள்ள இன்ஸ்டால் பண்ணியான்னு கேக்கறேன்."

நான் யோசித்தேன். வீட்டை எழுப்பினேன். பெயர் வைத்தேன். ஆனால் கதவைத் திறந்து கொத்தனாரிடம் சாவி கொடுத்தேனா? கொத்தனாரை அழைத்து, 'வாங்க, இங்கேயே ஆரம்பிச்சுக்கோங்க' என்று நான் உட்கார்ந்திருந்த ஹாலின் சுவரைக் காட்டியிருக்கிறேன். குடியிருந்த வீட்டையே இடித்துக் கட்டியிருக்கிறேன். பக்கத்தில் எழுப்பிய வீடு பூட்டியபடி, ஒரு தூசு படாமல், முந்தைய நிலையில் நிற்கிறது. அதன் வாசலில் 'புதுசு' என்று பலகை மாட்டியிருக்கிறது.

"இல்லடா. சும்மா இன்ஸ்டால் பண்ணிட்டேன்."

அவன் சிரித்த சிரிப்பில் நாகஸ்வரம் கேட்கவில்லை. "அட சோமாறி! அப்டின்னா புதுசுதான்டா பழசு!"

"என்னடா வேதாந்தம் பேசற?"

"வேதாந்தம் இல்ல நைனா! நீ பழசுன்னு பேர் வெச்சிகினு கீறியே, அதுலதான் புதுச ஏத்திக்கீற. புதுசு அப்டியே பழசாத்தான் கீது. ரெண்டு தபாவும் ஒரே கதவத்தான் இடிச்சிகினு இருந்த. புதுசுக்குப் போ, பழசு வந்துரும்! கிராபிக்ஸ் டிரைவர நீ திருப்பி அரைக்கல, அதான் அது படுத்துகிச்சு. அத்த அப்பால பாத்துக்கலாம்."

பக்கத்தில் ஒரு பெண்குரல் கேட்டது. "யார்ரா அது, முகூர்த்த நேரத்துல பழசு புதுசுன்னு? பொண்ணு வூட்டுக்காரங்க காதுல வுழப் போவுது." அவன், "கெட்டி மேளம் மச்சி, வெக்கறேன்" என்றான். அங்கே தாலி ஏறியது. இங்கே தொடர்பு அறுந்தது.

மறுபடி பட்டியலை நிறுத்தினேன். 'புதுசு' என்பதைத் தேர்ந்தெடுத்தேன். எண்டர் மேல் விரல் வைத்தேன். தட்டவில்லை.

ஏனென்றால் அப்போதுதான் அந்த நம்பிக்கை வந்து என் மடியில் உட்கார்ந்தது. புதுசை எழுப்பியது வெள்ளிக்கிழமை காலை. அதற்குள் போனால் வெள்ளிக்கிழமை காலை. கடைசி ரீலை அவள் தட்டியது அன்று மதியத்துக்கு மேல். அப்படியென்றால் கதாநாயகன் இன்னும் மலை உச்சியில்தான் நிற்பான். போகாவிட்டால் கோப்பே இல்லை. போனால் கடைசி ரீல் இல்லை. விரல் மரத்துப்போகும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். வெள்ளிக்கிழமை காலைக்குப் போய்விட்டால், 'தொடவே மாட்டேன்' என்று அவளிடம் சொன்னதும் சொல்லாததாகிவிடுமே என்று ஒரு நப்பாசை கூட எட்டிப் பார்த்தது. அவ்வளவு கீழே போயிருந்தேன்.

கதவு திறந்தது. என் மனைவி ஒரு கையில் முருங்கைக்கீரையும் இன்னொரு கையில் அக்கா கொடுத்த தூக்கும் வைத்துக்கொண்டு நின்றாள். கணினியின் கறுப்புத் திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"தொட்டீங்களா?"

"லேசா."

"லேசான்னா?"

எல்லாவற்றையும் சொன்னேன். வீடு, கொத்தனார், சாவி, பலகை. பாதியில் அவள் கீரையை மேசையில் வைத்தாள். நான் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டேன். கடைசியாக, "இப்ப என்னன்னா, புதுசுதான் பழசு" என்றேன்.

"இதுல என்ன அதிசயம்? நம்ம வீட்டுல எந்தப் புதுசு புதுசா இருக்கு?" குரலில் சிரிப்பு இல்லை. "என் ஃபைலு?"

"அதான் பயமா இருக்கு. இதுக்குள்ள போனா நேத்துக் காலைக்குப் போயிடுவோம். கடைசி ரீல் இருக்காது."

"தெரிஞ்சு சொல்றீங்களா, பயந்து சொல்றீங்களா?"

"பயந்துதான்."

"போகலைன்னா?"

"எதுவுமே கிடைக்காது."

"அப்ப எதுக்கு விரலை வெச்சுக்கிட்டு ஜோசியம் பார்த்துக்கிட்டு இருக்கீங்க? கடைசி ரீல் போனா உட்கார்ந்து திரும்ப அடிக்கிறேன். சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கு. நீங்க இப்படியே இருந்தா அதுவும் போயிடும்." வந்து நின்றாள். "நகருங்க."

நகர்ந்தேன். கீரை ஈரம் காயாத விரலால் அவளே எண்டர் தட்டினாள். வெள்ளை எழுத்துகள் மேலேறின. நான் கண்ணை மூடிக்கொண்டேன். விசிறி ஒருமுறை உறுமி அடங்கியது. கண்ணைத் திறந்தபோது எங்கள் வழக்கமான திரை வந்திருந்தது. மூலையில் எப்போதும் இருக்கும் கடற்கரைப் படத்தோடு.

அவள் உட்கார்ந்து கோப்பைத் திறந்தாள். நேராகக் கடைசி வரிக்குப் போனாள். 'ஐயய்யோ!' என்று இருந்தது. ஆச்சரியக்குறியும் இருந்தது.

"விழுந்துட்டான்" என்றாள். பென்டிரைவைக் கேட்டுக் கையை நீட்டினாள்.

நடந்தது இவ்வளவுதான். இந்த ஏற்பாட்டில் சிஸ்டம் மட்டும்தான் இரண்டு வீடாகிறது. நம் கோப்புகள் இருக்கும் பகுதி இரண்டிலும் சேராமல் தனியாக, இரண்டு வீட்டுக்கும் பொதுவான வராந்தாவில் வைத்த பீரோ போல இருக்கிறது. எந்தக் கதவைத் திறந்து வந்தாலும் அதே பீரோ. கையேட்டில் அது எழுதியிருக்கிறது. அவளுடைய கோப்பு காலையிலிருந்து அங்கேயே இருந்தது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. மாலை அவள் வடபழனி போய்ப் பென்டிரைவைக் கொடுத்துவிட்டு வந்தாள். இரண்டாவது படமும் வந்தது. அதை அவள், தனக்கென்று வாங்கிக்கொண்ட மடிக்கணினியில் எழுதினாள்.